பிழைசெய்த பிள்ளைக்கு யார் துணை?

மகாபாரதத்தின் ஆதிபருவத்திலே மாண்டவ்ய முனிவரின் கதை வருகின்றது. மௌன விரதம் பூண்டிருந்த அம்முனிவரின் ஆசிரமத்தினுள், அரச காவலர் துரத்திவந்த கள்வர்கள் களவுப்பொருளோடு புகுந்து ஒளித்துக்கொண்டனர். காவலர் கேட்ட கேள்விக்கு முனிவர் விடை பகரவில்லை. கள்வரும் பொருளும் உள்ளே அகப்படவே, அவரும் கூட்டாளியெனக் கருதப்பட்டுக் கழுவேற்றப்பட்டார். பின்னொருநாள் அவர் தருமராசனிடஞ் சென்று, யான் செய்த பாவம் யாதென வினவினார். சிறுபிராயத்திலே பூச்சிகளைப் புல்லின் நுனியாற் குத்தி விளையாடியதன் பயனே அதுவென்று தருமராசன் விடையிறுத்தான். அறியாப் பருவத்துச் சிறு பிழைக்கு இத்துணைப் பெருந்தண்டமா எனச் சினந்த முனிவர், தருமராசனையே பூவுலகிற் பிறக்குமாறு சபித்தார். அத்துடன் அமையாது, பதினான்கு வயது வரை ஒருவன் செய்யுஞ் செயல் பாவமாகக் கொள்ளப்படலாகாது என்று ஓர் எல்லையையும் வகுத்தார்.

அச்சாபத்தினாலே தருமராசன் விதுரனாகப் பிறந்த வரலாற்றை நம்மிற் பலர் அறிவோம், கதாப்பிரசங்கங்களிலே கேட்டிருக்கின்றோம். அந்த எல்லையை நினைவிற் கொண்டோர் மிகச் சிலரே. தருமதேவதையே பிள்ளையை அளக்கும் கோலிற் பிழைத்துவிட்டது என்று சொல்லத் துணிந்த நூல் நம்முடையது. ஆயினும் பிழை செய்த சிறுவனை உலகத்து அரசுகள் நடத்திய முறை மாறுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்தன. நம் ஊவா மலைநாட்டுத் தோட்டங்களுக்கு அம்மாற்றம் வந்து சேர்ந்த கதையையே ஈண்டுக் கூறப் புகுந்தோம். முற்றாக வந்து சேர்ந்ததா என்பதை வாசகர்களே தீர்மானிப்பார்களாக.

நம் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை முதலிய சில்லாக்களிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தபோது அவர்கள் முதன்முதல் அறிந்த சட்டம் எது? 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அது. முன்னறிவித்தல் கொடாமல் தோட்டத்தை விட்டகன்ற தொழிலாளியை அச்சட்டம் குற்றவாளியாக்கிற்று. ஓர் உடன்படிக்கை மீறப்பட்டால் நட்டஈடு கேட்பதே உலக வழக்கம். இங்கோ ஓடிப்போனவன் சிறைக்கு அனுப்பப்பட்டான். அத்துடன் துண்டு முறையும் இருந்தது. இன்ன தொகைக் கடன் தீர்ந்தால் இந்த ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அது 1921 ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆகவே, இரண்டு மூன்று தலைமுறைக் காலம் நம்மவர்க்குக் கோடு என்பதும் பொலிஸ் என்பதும் தம்மைத் தோட்டத்திற்கு மீளப் பிடித்து வரும் கருவிகளாகவே விளங்கின. நீதி கேட்டுச் செல்லத்தக்க இடமாக அவற்றை நினைக்க இயலவில்லை. இன்றும் ஒரு பிள்ளை பொலிசிற் பிடிபட்டால் லயத்திலே அடுத்த காம்பிராக்காரர்கூடக் கதவைச் சாத்திக்கொள்வதைக் காண்கின்றோமல்லவா? கோழைத்தனமென்று அதனை ஏளனஞ் செய்வோர் அந்தப் பழைய அச்சத்தின் வேர் எதுவரை சென்றிருக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சில்லறைப் பிழைகள் கோடு வரை போவதும் அக்காலத்தில் அரிது. துரையே நீதவான், பெரிய கங்காணியே சாட்சி, சிற்சில வேளை அவரே தண்டனையை நிறைவேற்றுபவருமாவார். விறகுக்காக நிழல்மரத்துக் கிளையை வெட்டிய பையனுக்கும், கொழுந்தை மறைத்த பையனுக்கும் பிரட்டுக்களத்திலே எல்லோர் முன்னிலையிலும் அடி விழுந்தது. பிழை பெரிதாயின் குடும்பத்துக்கே பற்றுச்சீட்டு. மகன் செய்ததற்காகத் தாயும் தகப்பனும் தங்கைமாரும் சட்டிபானையைச் சுமந்துகொண்டு வேறு தோட்டந் தேடி நடந்தார்கள். ஒருவன் பிழைக்குக் குடும்பம் முழுவதையும் தண்டிக்கும் இம்முறை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை, எழுதப்படாமலே நடந்தேறியது.

இது நிற்க. அதே காலத்திலே உலகின் பிற பாகங்களில் நடந்தவற்றைச் சற்றே நோக்குவோம்.

1841 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் போஸ்டன் நகரத்துக் கோட்டிற்கு யோன் ஓகஸ்டஸ் என்னும் சப்பாத்துத் தொழிலாளி ஒருவர் போயிருந்தார். அவர் சட்டத்தரணியுமல்லர், உத்தியோகத்தருமல்லர். குடிவெறிக்காகக் கூண்டிலே நிறுத்தப்பட்ட ஒருவனைப் பார்த்து இரங்கி, "இவனுக்கு நான் பிணை நிற்கின்றேன், மூன்று வாரம் என்னிடம் விடுங்கள்" என்னும் கருத்துப்பட நீதவானிடம் கேட்டார். மூன்று வாரங் கழித்து அம்மனிதன் திருந்திய தோற்றத்தோடு வந்து நின்றான். ஒரு சதம் மாத்திரமே தண்டமாக விதிக்கப்பட்டது. அதன் பின்னர் அவர் சிறுவர் சிறுமியர்க்காகவும் கோடேறினார். 1859 இல் இறக்குமுன் ஏறத்தாழ 2,000 பேருக்கு அவர் பிணை நின்றார் என்பர். அவர் தங்கடையின் வருமானமும் இதனாற் குன்றிற்று. இன்று நன்னடத்தைச் சேவை என்று உலகெங்கும் வழங்கும் முறைக்கு அந்தச் சப்பாத்துத் தொழிலாளியே தந்தை. 1878 இல் மசச்சூசெற்ஸ் மாகாணம் அதனைச் சட்டமாக்கிற்று. 1899 இல் சிக்காகோ நகரத்திலே சிறுவர்க்கென முதல் தனி நீதிமன்றம் அமைந்தது. இங்கிலாந்தில் 1902 இல் கெந்துப் பகுதியின் போர்ஸ்டல் என்னும் ஊரிலே வாலிபக் குற்றவாளிகளை முதிர்ந்த குற்றவாளிகளினின்றும் பிரித்துத் தொழில் பழக்கும் சிறைப்பள்ளி தொடங்கிற்று. 1908 இல் அந்நாட்டின் சிறுவர் சட்டம் நிறைவேறியது.

நம் முன்னோரின் தாயகமான சென்னை மாகாணமும் இதிற் பின்தங்கியிருக்கவில்லை. இந்தியச் சீர்திருத்தப் பாடசாலைச் சட்டம் 1876 இல் வந்தது. செங்கற்பட்டிலே அத்தகைய பாடசாலை ஒன்று 1887 இல் எழுந்தது. இந்திய மாகாணங்களிலே முதன்முதல் சிறுவர்க்கெனத் தனிச் சட்டஞ் செய்ததும் சென்னையே. அது 1920 ஆம் ஆண்டு. நம்மவர் கப்பலேறி வந்த கரையிலே பிள்ளைகளுக்குச் சட்டம் பிறந்துவிட்டது. வந்து சேர்ந்த மலையிலே துண்டுச் சீட்டே இன்னும் ஒழிந்திருக்கவில்லை.

இலங்கை அரசு வாளாவிருந்ததென்றுஞ் சொல்லலாகாது. 1886 ஆம் ஆண்டிலேயே இளங்குற்றவாளிகள் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. களுத்துறைக்குத் தெற்கே மக்கொனையிற் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய இல்லம் இத்துறையிலே பேர்பெற்றது. இங்கே நாம் ஒன்றை மனந் திறந்து சொல்ல வேண்டும். சிறைக்குப் போகவிருந்த பிள்ளையை ஏற்றுக்கொள்ள முன்வந்தவர்கள் கிறிஸ்தவத் துறவியர். நம்மவர் கோபுரங் கட்டினோம், தேர் செய்தோம், திருவிழாவுக்குத் தண்டல் சேர்த்தோம். மட்டக்களப்பிலே விபுலானந்த அடிகளாரின் முயற்சியால் இராமகிருஷ்ண மிசன் ஏழை மாணவர்க்கு இல்லம் அமைத்தது நமக்குப் பெருமையே. ஆயினும் பிழை செய்த பிள்ளையென்றால் ஒதுங்கி நிற்கும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

இலங்கையின் பெருந்திருப்பம் 1939 ஆம் ஆண்டு. அரசாங்க சபைக் காலத்தில், ஒரே ஆண்டில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. 28 ஆம் இலக்கச் சட்டம் 16 வயதுக்கும் 22 வயதுக்கும் இடைப்பட்ட வாலிபக் குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பாது பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்ப வழி செய்தது. போர்ஸ்டல் முறையின் இலங்கைப் பிரதியே அது. அப்பாடசாலை முன்னர் வத்துப்பிட்டிவலையிலும் பின்னர் அம்பேபுஸ்ஸையிலும் நடந்தது. 48 ஆம் இலக்கச் சட்டமே சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சிறுவர் என்றும், பதினான்கு நிரம்பிப் பதினாறு நிரம்பாதவர் இளம் ஆட்கள் என்றும் அது வகுத்தது. மாண்டவ்யர் விதித்த அதே பதினான்கு! சட்டமியற்றிய பெரியோர் ஆதிபருவத்தைப் படித்துவிட்டு இதனைச் செய்தார்களென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் இருவேறு வழியாக நடந்தோர் ஒரே மைல்கல்லிற் சந்தித்ததில் நமக்கோர் மகிழ்ச்சி.

அச்சட்டத்தின் உட்கருத்தை நம் வாலிபர்கள் அறிந்திருத்தல் நன்று. பிள்ளையின் வழக்கு ஏனைய வழக்குகளோடு கலந்து விசாரிக்கப்படலாகாது. வேடிக்கை பார்ப்போர்க்கு அங்கே இடமில்லை. பத்திரிகையிலே பிள்ளையின் பெயர் வரலாகாது. முதிர்ந்த கைதிகளுடன் அவனை ஒன்றாக வைத்தலாகாது. பெற்றோர் வந்து நிற்க வேண்டும். சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் கொழும்பிலே அமைந்தது. நம் மலைநாடு போன்ற இடங்களிலே நீதவான் நீதிமன்றமே அந்நேரத்துக்குச் சிறுவர் நீதிமன்றமாக மாறி அமர வேண்டும். பிள்ளையைப் பெற்றோரிடமே ஒப்படைக்கலாம். சான்றளிக்கப்பட்ட பாடசாலைக்கு அனுப்பலாம். அன்றி, உறவினராயினும் பிறராயினும் தகுதியுள்ள ஓர் ஆளின் பராமரிப்பில் விடலாம். இறுதியாகச் சொன்ன இந்த ஏற்பாட்டை நாம் அழுத்திக் கூற விரும்புகின்றோம். தகுதியுள்ள ஆள் என்பதற்குப் பட்டமோ பதவியோ வேண்டியதில்லை. பொறுப்பேற்க மனமும் ஒழுங்கான வாழ்வும் வேண்டும். போஸ்டன் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளிக்கு இலங்கைச் சட்டத்திலே இட்டு வைத்த நாற்காலி அது. நம் பகுதித் தோட்டப்புறங்களிலே அதில் ஒருவர் அமர்ந்ததாக நாம் கேள்விப்பட்டது அருமையிலும் அருமை.

1944 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்கச் சட்டம் நன்னடத்தை முறையை நாடெங்கும் கொணர்ந்தது. குற்றம் ஒப்புவிக்கப்பட்டவனைச் சிறைக்கு அனுப்பாமல், ஓராண்டுக்குக் குறையாமலும் மூன்றாண்டுக்கு மேற்படாமலும் ஓர் உத்தியோகத்தரின் கண்காணிப்பில் விடலாமென்பது அதன் சாரம். 1956 இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் உருவாயிற்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தின் பின் இப்பணி மாகாண சபைகளுக்கு உரியதாகி, ஊவாவிலும் மாகாணத் திணைக்களம் உண்டு. ஆகவே இது கொழும்பிலுள்ள யாரோ கவனிக்க வேண்டிய காரியம் என்று நாம் கைகழுவ முடியாது.

இனிப் பிரம்படியைப் பற்றி ஒரு சொல். 1939 ஆம் ஆண்டுச் சட்டமே ஆண்பிள்ளைக்கு இலேசான பிரம்பால் ஆறு அடிக்கு மேற்படாமற் கொடுக்க இடமளித்திருந்தது. 2005 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டமே நீதிமன்றத் தண்டனையாகிய உடலடியை நீக்கிற்று. நம் சங்கத்து முதியோருட் சிலர் இதனை ஒப்புவதில்லை. "அடியாத மாடு படியாது" என்பார்கள். மனுநீதிச் சோழனையும் சாட்சிக்கு அழைப்பார்கள். பெற்ற மகன் என்றும் பாராமல் தேர்க்காலில் இட்டான் அல்லவா என்பது அவர்கள் வாதம். பெரியபுராணத்தை அவர்கள் பாதியிலே மூடிவிடுகின்றார்கள் என்பது நம் தாழ்மையான கருத்து. அம்மன்னன் பசுவின் துயரைத் தானும் பட வேண்டுமென்றே அவ்வாறு செய்தான். மகனைத் தண்டித்துத் தான் சுகமாக இருக்க எண்ணினானல்லன். முடிவிலே இறைவன் வெளிப்பட்டுக் கன்றையும், உயிர்விட்ட மந்திரியையும், அரசகுமாரனையும் எழுப்பித் தந்தான். இழந்தோனும் பிழைத்தோனும் ஒருங்கே மீட்கப்பட்ட இடத்திலேதான் அக்கதை நிறைவு பெறுகின்றது.

நம் ஊவாவிலே இத்துறையில் இரண்டிடங்கள் குறிப்பிடத்தக்கன. வெலிமடைக்கு அண்மையிலுள்ள கெப்பெட்டிப்பொலையிற் சிறுவர்க்கான சான்றளிக்கப்பட்ட பாடசாலை அமைந்தது. அவ்வூர் 1818 ஆம் ஆண்டின் ஊவாக் கிளர்ச்சியிலே தலைநின்று, அவ்வாண்டு நவம்பரிலே சிரச்சேதஞ் செய்யப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவையின் பெயரைத் தாங்கியது. அன்றைய அரசு குற்றவாளியெனத் தலை கொய்த ஒருவரை இன்றைய அரசு தேசிய வீரராகப் போற்றுகின்றது. குற்றவாளி என்னும் பட்டம் என்றைக்கும் ஒட்டிக்கொண்டிருப்பதன்று என்பதற்கு அவ்வூர்ப் பெயர்ப்பலகையே போதும். மற்றையது, பதுளையிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வழியிலுள்ள தல்தெனை. சிறைச்சாலைத் திணைக்களத்தின் வாலிபக் குற்றவாளிகள் சீர்திருத்த நிலையம் அங்கே உண்டு. முதன்முறை பிழை செய்த வாலிபரைப் பழைய கைதிகளோடு சேரவிடாமற் காப்பதே இத்தகைய நிலையங்களின் நோக்கம்.

நோக்கம் நன்றே. ஆனால் தோட்டத்துப் பெற்றோர் நிலையில் நின்று பாருங்கள். பெரகல சந்தியிலிருந்து தல்தெனைக்குப் போக அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை எனப் பஸ் மாறி மாறிச் செல்ல வேண்டும். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போயிற்று. கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்தாலே அம்மாதக் கடைக்கணக்கு தடுமாறும் வீட்டிலே, பிள்ளையைப் பார்க்கப் போகும் நாளைத் தாய் எங்கிருந்து எடுப்பாள்? போய்ச் சேர்ந்தாலும் மொழித் தொல்லை. கடிதம் சிங்களத்தில் வரும். வாசித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். வாசிப்பவனுக்கு விஷயந் தெரிந்துவிடும். அதனாலேயே பலர் கடிதத்தைப் பிரிக்காமல் சாமிப் படத்துக்குப் பின்னாற் செருகி வைக்கின்றனர். குறித்த தவணைக்குப் பெற்றோர் வரவில்லையென்று கோட்டிலே பதியப்படும். அக்கறையற்ற பெற்றோர் என்பது அதற்கு வழங்கும் பொருள். இந்த ஒரு வரி எத்தனை பிள்ளைகளை வீட்டுக்குத் திரும்பவிடாமல் தடுத்ததோ!

இன்னொரு குறையும் உண்டு. பாதுகாப்பற்று அலைந்த பிள்ளையும், பிறரால் தீங்கிழைக்கப்பட்ட பிள்ளையும், குற்றஞ் சாட்டப்பட்ட பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்படும் நிலை இந்நாட்டிலே நெடுங்காலமாக எடுத்துக் காட்டப்பட்டு வருகின்றது. விசாரணை முடியும்வரை மாதக்கணக்கிற் காத்திருக்கும் பிள்ளை அங்கே எதைக் கற்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் எதனாற் பிழை செய்கின்றனர்? இதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். லயத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தால் போதும். 1907 ஆம் ஆண்டிலேயே தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டுமென்று சட்டமுண்டானது. அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977 இல். இடையிலே எழுபது ஆண்டுகள். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்திலே ஆணுக்கும் பெண்ணுக்கும் வகுத்தது போலப் பிள்ளைக்கும் ஒரு சம்பள விகிதம் வகுக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் அது முன்னேற்றம். 1956 ஆம் ஆண்டின் சட்டம் பிள்ளைகளை வேலைக்கமர்த்துவதைக் கட்டுப்படுத்திற்று. 2021 இல் அந்த வயதெல்லை 14 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. அவ்வாறிருந்தும் பெரகல சந்தியிலே கொழும்பு பஸ்ஸுக்காக ஒரு சிறு பையுடன் நிற்கும் பையன்களை நாம் காணாதவரல்லர். புடைவைக்கடையென்றும் ஹோட்டலென்றும் போகின்றார்கள். சிலர் தீபாவளிக்குப் புதுச்சட்டையோடு திரும்புகின்றார்கள். சிலர் பொலிஸ் வழியாகத் திரும்புகின்றார்கள். ஊரிலேயே தங்கிய பையனுக்கோ கசிப்புப் போத்தலை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் கைச்செலவுக்குக் கிடைக்கும். காய்ச்சுபவன் அகப்படுவதில்லை, சுமந்தவன் அகப்படுகின்றான். இப்போது கசிப்பைவிடக் கொடிய பொருள்களும் வந்துவிட்டன.

பெரகல சந்தியைச் சொன்னோம். அச்சந்தியிலிருந்து ஒரு வீதி கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. மற்றொன்று அப்புத்தளை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறுகின்றது. இவ்விரு வீதிகளின் அந்தங்களிலும் இந்நாட்டு வாலிபர் வரலாற்றின் இரு துயர ஏடுகள் உள்ளன.

1971 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆந் திகதி விடியற்காலையில் வெல்லவாயா பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. ஜனதா விமுக்தி பெரமுனையின் கிளர்ச்சியிலே குறித்த வேளைக்கு முந்தி வெடித்த தாக்குதல் அதுவே. அதில் ஈடுபட்டோருட் பெருந்தொகையினர் கிராமத்து வறிய வீட்டுச் சிங்கள இளைஞர். படித்தும் வேலை கிடையாதோர் பலர். கிளர்ச்சி அடங்கிய பின் ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பின்னர், 1980 களின் இறுதியில் அதைவிடப் பெருங் கொடுமைகள் நிகழ்ந்த பிறகே, வாலிபர் மனக்குறையை ஆராய ஓர் ஆணைக்குழு அமைந்து 1990 இல் அறிக்கை தந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அது கேட்டது.

மற்றைய வீதியின் பெயர் பிந்துனுவெவ. பண்டாரவளையை அடுத்த அவ்விடத்திலே புனர்வாழ்வு முகாமொன்று இருந்தது. போர்க்காலத்திலே பிடிபட்டும் சரணடைந்தும் வந்த தமிழ் இளைஞர் அங்கே வைக்கப்பட்டிருந்தனர். அவர்களிடையே பதினெட்டு நிரம்பாத சிறுவரும் இருந்தனர். 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆந் திகதி காலையில் ஒரு கும்பல் முகாமினுட் புகுந்து அவர்களைத் தாக்கிற்று. பொலிசார் அங்கே இருந்தும் தடுக்கவில்லை. இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. 2003 இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005 இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்நாட்களில் மலையகத்திலே எழுந்த கொந்தளிப்பையும் ஊரடங்கையும் நம்மிற் பலர் நேரிற் கண்டோம். இதனை எழுதுவது பகைமை வளர்க்கவன்று. புனர்வாழ்வு என்று பெயர்ப்பலகை மாட்டிய வாயிலினுள் வந்த பிள்ளையை அரசு காத்துக் கொடுக்கவில்லை என்பது வரலாறு. அதை விட்டுவிட்டு ஊவாவிலே இளைஞர் புனர்வாழ்வைப் பற்றிக் கட்டுரை எழுதுவது நேர்மையாகாது. வெல்லவாயாவில் முகாமுக்குப் போனவனும் பிந்துனுவெவையில் மாண்டவனும் வேறு வேறு மொழி பேசினர். இருவர் வீட்டிலும் அடுப்பு ஒரே விதமாகவே புகைந்தது.

வயதெல்லைக்கு மீண்டும் வருவோம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டினது. எட்டு வயது நிரம்பிய பிள்ளை குற்றஞ் செய்யவல்லது என்பதே நெடுங்காலம் அதன் நிலைப்பாடு. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் அறிவு முதிர்ச்சியை நீதவான் ஆராய வேண்டும். சிறுவர் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. எட்டு என்பது பன்னிரண்டாக மாறியதோ 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தாலேயே; அறிவு முதிர்ச்சியை ஆராயும் எல்லை பன்னிரண்டு முதல் பதினான்கு வரையென ஆயிற்று. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் சிறுவர், இளம் ஆட்கள் சட்டத்தின் பாதுகாப்பைப் பதினெட்டு வயது வரை நீட்டிற்று. மாண்டவ்யரின் எல்லையை நாடு ஒருவாறு தொட்டுவிட்டது எனலாம்.

ஆனால் எல்லையின் எந்தப் பக்கம் பிள்ளை நிற்கின்றது என்பதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நம்மவர் பலருக்கு அதுவே இல்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது முதல், 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாற் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தது வரை, கடதாசியாற் கெட்ட சமூகம் நம்முடையது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவ்விழுக்கு நீங்கிற்று. தோட்டக் கணக்கேட்டில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், கோயிலில் இட்டது வேறொரு பெயர். பதிவில் எந்தப் பெயர் ஏறியதென்று தாய்க்கே தெரியாது. சான்றிதழ் இல்லாவிடின் உருவத்தைப் பார்த்தே வயது எழுதப்படும். பாரஞ் சுமந்து தோள் விரிந்த பையனை எவரும் சிறுவன் என்று எழுதமாட்டார்.

2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வருமுன் நடந்த ஒன்றை இங்கே சொல்லலாம். நம் பகுதியிலே மூடிக்கிடந்த ஒரு ஸ்டோரிலிருந்து செப்புக்கம்பி களவு போயிற்று. பிடிபட்டவருள் ஒரு பையனின் வயது பதினேழு என எழுதப்பட்டிருந்தது. "என் பிள்ளை மாரியம்மன் தேர் நடந்த வருஷம் பிறந்தவன், அவ்வளவு வயசு ஆகல தம்பி" என்று தாய் நம் சங்கத்து இளைஞர் இருவரிடம் வந்து அழுதாள். அவ்வளவுதான் அவள் கையிலிருந்த சாட்சி. அவ்விருவரும் கோயில் தருமகர்த்தாவிடம் போய், பழைய திருவிழா நோட்டீசுகளைப் புரட்டித் தேர் ஓடிய ஆண்டைக் கண்டுபிடித்தார்கள். ஆண்டு தெரிந்த பின் பிள்ளைக்காம்பிரா ஏட்டிலே பால் கொடுத்த பதிவு கிடைத்தது. அதைக் கொண்டு பிரதேச செயலகத்திலே தேடுவித்தபோது, வேறொரு பெயரின்கீழ்ப் பிறப்புப் பதிவும் அகப்பட்டது. பையனுக்குப் பதினைந்து வயதும் சில மாதங்களுமே ஆகியிருந்தன. இதற்கு மூன்று வாரம் சென்றது. அம்மூன்று வாரமும் அவர்களில் ஒருவர் தம் கடையை அரைநாள் பூட்டினார். அவர் வீட்டிலே அதற்காக நடந்த சச்சரவை இங்கு எழுத அவர் சம்மதிக்கவில்லை.

தவணையன்று தாயோடு அவ்விருவருமே கோட்டிற்குப் போனார்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் அவருக்குச் சிறிதே தெரியும். எனினும் லயத்துக்கே வந்து, காம்பிரா வாசலில் உட்கார்ந்து, நம் இளைஞர் மொழிபெயர்க்கத் தாயின் சொல்லைக் கேட்டு எழுதிச் சென்றார். பையன் வீட்டிலேயே இருந்து ஈராண்டு அவரது கண்காணிப்பில் இருக்குமாறு கட்டளையாயிற்று. அவனை மாதந்தோறும் உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பை யார் ஏற்பது என்று நீதவான் கேட்டபோது, தாய் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரர் எழுந்து நின்றார்.

அப்பையன் இப்போது பண்டாரவளைப் பக்கம் ஒரு கராஜிலே வேலை பழகுகின்றான். அவனோடு பிடிபட்ட மற்றொருவனும் இருந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. அவனுக்காக யாரும் நம்மிடம் வரவில்லை, நாமும் போகவில்லை. அவன் எத்தனை நாள் உள்ளே இருந்தான், எங்கே போனான் என்று அவன் லயத்திலே விசாரித்தோம். குடும்பமே தோட்டத்தை விட்டுப் போய்விட்டதென்றார்கள்.